பழைய மோட்டார் சைக்கிளும் மலை இறக்கமும்: பிரேக்கைத் திருத்துவதா, மாற்றுவதா?

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் காலை வேளையில் கடக்கும் மோட்டார் சைக்கிள்களைச் சற்று நின்று கவனித்தால், எமது மலைப்பகுதிக் குடும்பங்களின் அன்றாட வாழ்வு அவற்றில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது விளங்கும். பால் கேன் கட்டிய வண்டி, தகப்பனுக்கும் தாய்க்கும் நடுவே பாடசாலைப் பிள்ளை அமர்ந்திருக்கும் வண்டி, தோட்டப் பாடசாலை ஆசிரியரின் வண்டி, போஞ்சி மூட்டையோடு சந்தைக்கு வரும் வண்டி எனப் பல. இலங்கையில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. எமது பாதைகளில் ஓடுபவற்றுள் இருபது, முப்பது வயதான வண்டிகளும் குறைவில்லை. ஹொண்டா சி.டி. 125, சி.டி. 200, எம்.டி. 90, யமஹா ஆர்.எக்ஸ். 100, பிற்காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த பஜாஜ், ஹீரோ ஹொண்டா வண்டிகள் ஆகியன இன்றும் குடும்பங்களைச் சுமக்கின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்திலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டியைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர எம்மவர்க்கு வேறு வழி இருக்கவில்லை. புதியதை வாங்கும் வசதி பலருக்கு இப்போதும் இல்லை.

எஞ்சின் பழுதானால் வண்டி நின்றுவிடும். அதனால் எஞ்சினை உடனே பார்க்கிறோம். பிரேக் தேய்ந்தால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்; அதனால் அதனை நாளைக்கு, அடுத்த சம்பளத்துக்கு என்று தள்ளிப்போடுகிறோம். பிறகு ஒருநாள் ஒரு திருப்பத்தில் நெஞ்சு பதறியதும், "பாஸ், இதற்கு டிஸ்க் போடலாமா?" என்று கராஜில் கேட்கிறோம். கிராமத்து இளைஞர் பலர் இதே கேள்வியை எம்மிடமும் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குமுன் கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: இப்போதுள்ள டிரம் பிரேக், கம்பனி செய்து அனுப்பிய நாளில் எவ்வளவு பிடித்ததோ அந்த அளவுக்கு இன்று பிடிக்கிறதா? எமது அனுபவத்தில் பத்து வண்டியில் ஏழெட்டு அந்த அளவை எட்டுவதில்லை. அதனை எட்டச் செய்வதே முதலாவது முன்னேற்றம். அதற்கு ஆகும் செலவு ஒரு டிஸ்க் செட்டின் விலையில் சிறு பகுதிதான்.

இறக்கத்தில் நடப்பது என்ன?

எமது சூழலை முதலில் எண்ணிப் பார்ப்போம். யாழ்ப்பாணம் வரை செல்லும் ஏ9 வீதி பாலத்தைத் தாண்டி அக்குறணை, அலவத்துகொடை ஊடாக பலகடுவ ஏறி மாத்தளைக்கு இறங்குகிறது. குருநாகல் வழியாகப் புத்தளம் செல்லும் ஏ10 வீதி கட்டுகஸ்தோட்டையிலேயே தொடங்கி, கலகெதரையில் வளைந்து வளைந்து கீழே போகிறது. கட்டுகஸ்தோட்டைக்கும் குருநாகலுக்கும் இடையிலுள்ள உயர வித்தியாசம் 300 மீற்றருக்கு மேல், அதாவது ஆயிரம் அடிக்கும் அதிகம். வத்துகாமம், பன்வில, மடுல்கலைப் பக்கத் தோட்டப் பாதைகளின் சரிவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வண்டி 110 கிலோ, இரண்டு பெரியவர்கள், ஒரு பிள்ளை, ஒரு பை எல்லாம் சேர்ந்து மொத்தம் 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பாரம் 300 மீற்றர் கீழே இறங்கும்போது வெளிப்படும் சக்தி, இரண்டேகால் லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. ஒரு பெரிய கேத்தல் தண்ணீர். இந்தச் சக்தி எங்காவது போயே ஆகவேண்டும். ஒரு பகுதியைக் காற்றும், ஒரு பகுதியை எஞ்சினும் எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் முழுவதும் பிரேக்கில் சூடாகிறது. டிரம் பிரேக் மூடிய பெட்டி போன்றது. உள்ளே பிறக்கும் சூடு வெளியேற நேரம் எடுக்கும். சூடேறிய டிரம் விரிந்து லைனரை விட்டு விலகும். லைனரின் உராயும் தன்மையும் குறையும். அப்போது லீவரை எவ்வளவு இறுக்கினாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போவது போலிருக்கும். "பிரேக் விட்டுவிட்டது" என்று நாம் சொல்லும் பல சம்பவங்களில் உடைந்தது ஒன்றுமே இல்லை. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அதே பிரேக் நன்றாகப் பிடிக்கும். எனவே பிழை பிரேக்கில் இல்லை என்று நினைத்துக்கொண்டு மறுநாளும் அப்படியே இறங்குகிறார்கள்.

பெற்றோல் மிச்சம் பிடிப்பதற்காக இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் எமது பகுதியில் வேரூன்றிவிட்டது. எஞ்சின் எடுத்துக்கொள்ளவேண்டிய பங்கையும் பிரேக்கின் தலையில் ஏற்றும் வேலை இது. மிச்சமாகும் பெற்றோல் சில துளி. லைனருக்கும் டிரம்முக்கும் ஆகும் சேதத்தைக் கணக்கிட்டால் அதுவும் மிச்சமில்லை. ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுமோ ஏறக்குறைய அதே கியரில் இறங்குவது பழைய லொறிச் சாரதிகளின் வழக்கம். மோட்டார் சைக்கிளுக்கும் அது பொருந்தும். ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் எஞ்சின் பிடிமானம் இயல்பாகவே குறைவு. அவற்றை வைத்திருப்போர் பிரேக் விடயத்தில் இரட்டிப்புக் கவனம் எடுக்கவேண்டும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்கவேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. மணிக்கு 60 கிலோமீற்றரில் வந்து நிறுத்துவதற்கு, 30 கிலோமீற்றரில் வந்து நிறுத்துவதைப் போல் நான்கு மடங்கு வேலை. எந்த டிஸ்க்கும் இந்தக் கணக்கை மாற்றாது.

முன் பிரேக்குக்குப் பயம்

"முன் பிரேக்கைப் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும்" என்று சொல்லிக் கொடுத்தே எம்மவர்கள் பிள்ளைகளுக்கு வண்டி பழக்குகிறார்கள். இதன் விளைவாக முன் பிரேக் பாவிக்கப்படாமல் துருப்பிடித்துக் கிடக்க, பின் பிரேக் மட்டும் தேய்ந்து தேய்ந்து போகிறது. லைனர் மாற்றிய கணக்கைக் கேட்டால் பின்னுக்கு மூன்று முறை, முன்னுக்கு ஒருமுறையும் இல்லை என்பார்கள்.

பஸ்ஸில் நின்றுகொண்டு பயணம் செய்தவர்களுக்கு உண்மை விளங்கும். பிரேக் பிடித்தவுடன் நாம் முன்னால் சாய்கிறோம். மோட்டார் சைக்கிளின் பாரமும் அவ்வாறே முன் சில்லின் மேல் சாய்கிறது. பாரம் இருக்கும் சில்லுதான் பாதையைப் பற்றும். பாரம் குறைந்த சில்லு வழுக்கும். உலர்ந்த பாதையில் பலமாக நிறுத்தும்போது நிறுத்தும் வேலையில் 70 சதவீதத்துக்கு மேல் முன் சில்லே செய்கிறது. பின் பிரேக்கை மட்டும் பாவித்தால் நிறுத்துவதற்கு ஏறக்குறைய இரு மடங்கு தூரம் வேண்டும். பின்னால் ஒருவர் இருந்தால் பின் சில்லின் பங்கு சற்றுக் கூடும் என்பது உண்மைதான். ஆனால் இறக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். வண்டியே முன்னால் குனிந்திருப்பதால் பின் சில்லின் பாரம் மேலும் குறைகிறது. முன் பிரேக்குக்கு அஞ்சுபவர்கள் இறக்கத்தில்தான் அதிகம் அஞ்சுகிறார்கள். முன் பிரேக் மிக அதிகம் தேவைப்படும் இடமும் அதுவேதான்.

இந்தப் பயம் எமது ஊருக்கு மட்டும் உரியதல்ல. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையிலான புதிய வண்டிகளுக்கு இரு சில்லுகளையும் ஒன்றாகப் பிடிக்கும் கூட்டுப் பிரேக் முறையோ சில்லு இறுகிப்போகாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். முறையோ இருக்கவேண்டும் என்றும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஏ.பி.எஸ். இருக்கவேண்டும் என்றும் சட்டமாக்கினார்கள். கூட்டுப் பிரேக்கின் கருத்தை யோசித்துப் பாருங்கள். பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவருக்கும் முன் பிரேக் தானாகக் கிடைக்கட்டும் என்பதே அதன் நோக்கம். எமது பழைய வண்டிகளில் அந்த வசதி இல்லை. வலது கையும் வலது காலும்தான் அந்த வேலையைச் செய்யவேண்டும்.

முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல், முதலில் மெல்ல அழுத்தி, பாரம் முன்னால் வந்தபின் மேலும் அழுத்தவேண்டும். திருப்பத்தில் சாய்ந்திருக்கும்போதும், மணல், ஈர இலை, சேறு கிடக்கும் இடத்திலும் முன் பிரேக்கை இறுக்கலாகாது. திருப்பத்துக்கு முன்னரே, வண்டி நேராக இருக்கும்போது வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். கட்டுகஸ்தோட்டையில் சமதரையான ஒரு மைதானத்தைத் தேடிப் பிடிப்பதே ஒரு வேலைதான். ஆனாலும் ஞாயிறு பின்னேரம் அரை மணித்தியாலம் ஒதுக்கி இதனைப் பழகிக்கொள்வது டிஸ்க் வாங்குவதைவிடப் பயன் தரும்.

டிரம்மைத் திறந்து பார்ப்போம்

டிரம் பிரேக்கின் அமைப்பு எளிது. சில்லோடு சுழலும் கிண்ணம் டிரம். அதனுள் அரைவட்டமான இரண்டு ஷூக்கள். எமது கராஜ்களில் இவற்றை லைனர் என்கிறார்கள். ஒரு பக்கம் ஷூக்கள் ஓர் ஆணியில் தங்கியிருக்கும். மறுபக்கம் அவற்றுக்கு நடுவே ஒரு கேம் இருக்கும். லீவரைப் பிடிக்கும்போது கேபிள் வெளியிலுள்ள கையை இழுக்க, கேம் திரும்பி ஷூக்களை டிரம்மோடு அழுத்தும். இரண்டு ஷூக்களும் ஒரே அளவு வேலை செய்வதில்லை. ஒன்றை, சுழலும் டிரம்மே தன்னோடு இழுத்து மேலும் இறுக்கிக்கொள்ளும். மற்றதைத் தள்ளிவிடப் பார்க்கும். சில பழைய வண்டிகளில் இரண்டு கேம்களை வைத்து இரு ஷூக்களையும் முதல் வகையாக ஆக்கியிருப்பார்கள். முன்னோக்கிப் போகையில் அவை மிகப் பலமாகப் பிடிக்கும். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளும்போது அவ்வளவு பிடிக்கமாட்டா. அத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள் ஏற்றத்தில் நிற்கும்போது பின் பிரேக்கையும் மிதித்துக்கொள்ள வேண்டும்.

திறக்கும்போது முதல் எச்சரிக்கை தூசியைப் பற்றியது. பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கலாம். அஸ்பெஸ்டஸின் எல்லா வகையும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கராஜில் வேலை பழகும் பையன்கள் டிரம்மைக் கழற்றியதும் வாயால் ஊதுவதையும், காற்றுக் குழாயால் அடிப்பதையும் நாம் தினமும் பார்க்கிறோம். இதனைத் தடுப்பது பாஸ்மாரின் பொறுப்பு. வண்டிக்காரராகிய நாமும் சொல்லலாம். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை ஒரு பையில் கட்டி எறிவதற்குச் செலவொன்றுமில்லை.

அடுத்து டிரம்மின் உட்சுவர். விரலால் தடவிப் பார்த்தால் ஆழமான கோடுகளும் ஓரத்தில் படிபோன்ற விளிம்பும் தெரியும். டிரம் எவ்வளவு தேயலாம் என்ற எல்லை பெரும்பாலும் அதன் உள்ளேயே அச்சிடப்பட்டிருக்கும். பல ஹொண்டா வண்டிகளில் 110 மில்லிமீற்றர் டிரம்முக்கு எல்லை 111 மில்லிமீற்றர். ஒரேயொரு மில்லிமீற்றர். ஆகவே லேத்தில் கொடுத்து, 'நன்றாகக் கடைந்து தாருங்கள்' என்று சொல்லிவிட்டு வருவது ஆபத்து. அளந்து, எல்லைக்குள் இருந்தால் மட்டும் மெல்லியதாகக் கடையலாம். டிரம் முட்டை வடிவமாகியிருந்தால் பிரேக் பிடிக்கும்போது லீவர் விரலில் துடிக்கும். அதற்கும் இதே வைத்தியம்தான். சில நேரங்களில் டிரம்மில் பிழை இராது. கம்பிகளைச் சமனில்லாமல் இறுக்கி ரிம்மை நேராக்கியதில் டிரம் வளைந்திருக்கும். ரிம் வேலையை முதலில் முடித்துவிட்டு டிரம்மைக் கடைவதே முறை.

லைனரின் தடிப்பு பல வண்டிகளில் 2 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் மாற்றவேண்டும். பிரேக் தட்டின் வெளியே சிறு அம்புக்குறி உள்ள வண்டிகளில், பிரேக்கை முழுமையாகப் பிடிக்கும்போது அம்பு எல்லைக்கோட்டைத் தொட்டால் லைனர் முடிந்துவிட்டது என்பது பொருள். இந்த இடத்தில் கராஜ்களில் நடக்கும் ஒரு தந்திரத்தைச் சொல்லியாக வேண்டும். லைனர் தேய்ந்து லீவர் ஆழமாகப் போகும்போது, வெளியிலுள்ள கையைக் கழற்றி, பல்லில் ஒரு பல் தள்ளி மாட்டிவிடுகிறார்கள். லீவர் மீண்டும் இறுக்கமாகிவிடும். வண்டிக்காரர் மகிழ்ச்சியோடு போவார். ஆனால் உள்ளே கேம் தன் எல்லையை நெருங்கிவிட்டது. இன்னும் தேய்ந்தால் கேம் புரண்டு, சில்லு இறுகி நின்றுவிடக்கூடும். இறக்கத்தில் முன் சில்லு அவ்வாறு இறுகினால் என்னவாகும் என்று விவரிக்கத் தேவையில்லை.

புதிய லைனர் போட்டும் பிடிக்கவில்லை என்பது அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: புதிய லைனரின் வளைவும் பழைய டிரம்மின் வளைவும் பொருந்தவில்லை. தொடவேண்டிய பரப்பில் ஒரு துண்டு மட்டுமே தொடுகிறது. இதனைக் கண்டுபிடிப்பது சுலபம். லைனரின் மேல் சோக்குக்கட்டியைத் தடவி, பூட்டி, பிரேக்கை இலேசாகப் பிடித்தபடி சில்லைச் சுற்றிவிட்டுத் திறந்தால், சோக்கு அழிந்த இடம் மட்டுமே டிரம்மைத் தொட்டது என்பது தெரியும். அந்த மேட்டை அரத்தால் மெதுவாகக் குறைத்து மீண்டும் பார்க்கவேண்டும். பொறுமை உள்ள பாஸ் மூன்று நான்கு முறை இவ்வாறு செய்து, அழிந்த அடையாளம் லைனர் முழுவதும் பரவும்படி செய்துவிடுவார். ஷூக்களைப் பிரேக் தட்டிலேயே வைத்து லேத்தில் கடைவித்தால் இன்னும் சிறப்பு. மினுமினுப்பாகக் கண்ணாடிபோல் ஆகிவிட்ட பழைய லைனரை மணற்கடதாசியால் தேய்த்துச் சொரசொரப்பாக்கலாம். எண்ணெயோ கிரீஸோ ஊறிய லைனரைப் பெற்றோலில் கழுவிப் பாவிப்பது வீண். சூடேறும்போது எண்ணெய் மீண்டும் கசியும். அதனை எறிந்துவிட்டு, எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சில்லின் பெயாரிங்கைக் காக்கும் சீல் போயிருக்கும், அல்லது யாரோ கேமுக்கு அளவுக்கு மீறிக் கிரீஸ் வைத்திருப்பார்கள்.

பழைய ஷூவின் மேல் புதிய லைனிங் ஒட்டித் தரும் இடங்கள் உண்டு. அளவு கிடைக்காத பழைய வண்டிகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்த ஒட்டு வேலை பசை தடவி வெயிலில் காயவைக்கும் வேலையல்ல. அழுத்தத்தில் பிடித்து, உரிய வெப்பத்தில் சூடாக்கினால்தான் பிடிக்கும். ஒட்டு விட்டுப்போன லைனிங் டிரம்முக்குள் சிக்கினால் சில்லு இறுகிவிடும். எப்படி ஒட்டுகிறார்கள் என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

கேபிளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்னொருவரை லீவரைப் பிடிக்கச் சொல்லி, கேபிளின் வெளி உறையைக் கவனியுங்கள். உறை அசைந்து நெளிந்தால், கையின் பலத்தில் ஒரு பகுதி அங்கேயே செலவாகிவிடுகிறது. நல்ல கேபிள் ஒன்று, கூர்மையான வளைவில்லாமல், உள்ளே எண்ணெய் விட்டுப் பூட்டப்பட்டால், அன்றைக்கே வித்தியாசம் தெரியும். பிரேக்கை முழுமையாகப் பிடிக்கும்போது கேபிளும் வெளியிலுள்ள கையும் ஏறக்குறைய மூலைமட்டமாக, செங்கோணத்தில் நிற்கவேண்டும். அதைத் தாண்டினால் இழுக்கும் பலம் வீணாகும். அந்தக் கையை நீளமாக்கி வெல்டிங் செய்து பலம் கூட்டும் முயற்சிகளையும் கண்டிருக்கிறோம். பலம் கூடுவது உண்மை, ஆனால் லீவர் அதிகம் ஓடும். வெல்டிங் வெடித்தால் பிரேக்கே இல்லை. இதனை நாம் பரிந்துரைக்கமாட்டோம்.

சதம் செலவில்லாத ஒரு வேலையும் உண்டு. முன் சில்லைப் பூட்டும்போது அச்சின் நட்டை உடனே இறுக்காமல், சில்லைச் சுற்றி, பிரேக் லீவரைப் பலமாகப் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்கவேண்டும். அப்போது ஷூக்கள் டிரம்மின் நடுவில் தாமாகவே அமர்ந்துகொள்ளும். லீவர் பஞ்சுபோல் இருந்த பல வண்டிகள் இதனாலேயே திருந்தியிருக்கின்றன. அத்துடன், பிரேக் தட்டின் பள்ளம் முன் ஷொக்கின் காலிலுள்ள முனையில் சரியாக மாட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் வண்டியை எடுக்கக்கூடாது. பிரேக் தட்டு சில்லோடு சேர்ந்து சுழலாமல் பிடித்துவைப்பது அந்த முனைதான். பின் சில்லில் அதே வேலையைச் செய்யும் கம்பியின் நட்டுக்கும், அதன் பின்னுக்கும் இது பொருந்தும். இவை கழன்றதால் நேர்ந்த விபத்துகள் லைனர் தேய்ந்ததால் நேர்ந்தவற்றைவிடக் கொடியவை.

மழைக்காலத்தில் டிரம்முக்குள் தண்ணீர் போனால் முதல் பிடியில் ஒன்றும் நடக்காது; பிறகு திடீரென்று கவ்வும். ஓடையையோ வெள்ளத்தையோ கடந்தபின் பிரேக்கை இலேசாகத் தொட்டபடி சிறிது தூரம் ஓட்டி உலர்த்திக்கொள்ள வேண்டும்.

டிஸ்க் போடுவதென்றால்

இத்தனையும் செய்தபின்னும் போதவில்லை என்றால், அல்லது கலகெதரை இறக்கத்தில் தினமும் இருவராக, பாரத்தோடு போகவேண்டியிருந்தால், முன்னால் டிஸ்க் போடுவதில் அர்த்தம் உண்டு. டிஸ்க் திறந்த வெளியில் சுழல்வதால் சூடு சீக்கிரம் வெளியேறுகிறது. நனைந்தாலும் சீக்கிரம் காய்கிறது. லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் 1902இலேயே டிஸ்க் பிரேக்குக்கு உரிமம் பெற்றார். ஆயினும் பெருந்தொகையாக உற்பத்தியான மோட்டார் சைக்கிளில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் முன் டிஸ்க்கைக் கொண்டுவந்தது 1969இல் வந்த ஹொண்டா சி.பி. 750. எமது பாதைகளின் சிறிய வண்டிகளுக்கு அது வந்து சேர இன்னும் பல வருடங்கள் சென்றன.

டிஸ்க் பிரேக்கின் தத்துவத்தைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இரண்டு ஊசிக்குழாய்களைக் கொண்டு காட்டலாம். சிறியதையும் பெரியதையும் ஒரு ரியூபினால் இணைத்துத் தண்ணீர் நிரப்புங்கள். சிறியதை அழுத்தினால் பெரியது அதிக பலத்தோடு, ஆனால் குறைந்த தூரம் நகரும். சமய சிந்தனையாளராகவும் அறியப்பட்ட பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் விளக்கிய விதி இது. ஹாண்டிலில் உள்ள மாஸ்டர் சிலிண்டர் சிறிய குழாய். சில்லருகே டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் பெரிய குழாய். இரண்டின் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும். பெரிய வண்டியின் மாஸ்டர் சிலிண்டரை வாங்கிச் சிறிய காலிப்பரோடு இணைத்தால் லீவர் கல்லுப்போல் இறுகும், பிடிப்போ குறையும். 'இறுக்கமாக இருக்கிறது, நல்ல பிரேக்' என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். மாஸ்டர் சிலிண்டர் அளவுக்கு மீறிச் சிறிதாக இருந்தால் லீவர் ஹாண்டிலையே வந்து தொடும்.

ஆகவே துண்டு துண்டாகச் சேர்ப்பதைத் தவிர்த்து, ஒரே வண்டியிலிருந்து வந்த முழுச் செட்டையே தேடவேண்டும். காலிப்பர் பூட்டும் இடத்தோடு வார்க்கப்பட்ட ஷொக் கால்கள், டிஸ்க் பூட்டும் சில்லு, அச்சு, காலிப்பர், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், லீவர் ஆகிய அனைத்தும். அதே கம்பனியின் பிந்திய மாடலில் கிடைத்தால் ஷொக்கின் பருமனும் நீளமும் பொருந்த வாய்ப்பு அதிகம். டிரம் வண்டியின் ஷொக் காலில் இரும்புத் துண்டை வெல்டிங் செய்து காலிப்பரைத் தொங்கவிடும் வேலையை எவர் சொன்னாலும் ஏற்கவேண்டாம். பிரேக் பிடிக்கும் முழுப் பலமும் அந்த ஒரு வெல்டிங்கில் தங்கும்.

பாவித்த செட் வாங்கும்போது டிஸ்க்கின் ஓரத்தில் அச்சிட்டுள்ள குறைந்தபட்சத் தடிப்பை வாசித்து, அளந்து பாருங்கள். காலிப்பரின் பிஸ்டன் துருப்பிடித்திருந்தால் வாங்காதீர்கள். இறப்பர் சீல்களையும், ஹோஸ் முனைகளிலுள்ள செப்பு வாசர்களையும் புதிதாகப் போடவேண்டும். ஹோஸ், ஹாண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பினாலும், ஷொக் அமுங்கினாலும் டயரில் உரசக்கூடாது.

பிரேக் எண்ணெய் பற்றி அறியாமை அதிகம். டொட் 3, டொட் 4 என்று போத்தலில் எழுதியிருக்கும் எண்ணெய்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டவை. டொட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 பாகை அளவுக்கு இறங்கிவிடும். எண்ணெய் கொதித்தால் குமிழி உண்டாகும், குமிழி அமுங்கும், லீவர் வெறுமனே உள்ளே போகும். நீண்ட இறக்கத்தில் டிஸ்க்கும் கைவிடக்கூடும் என்பதற்கு இதுவே காரணம். எனவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றவேண்டும். மூடியில் எந்த எண்ணெய் என்று எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றவேண்டும். எஞ்சின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஊற்றினால் இறப்பர்கள் ஊதிப்போகும். பாதி முடிந்து பல மாதம் திறந்து கிடந்த போத்தலை வாங்கவும் வேண்டாம், இரவல் கேட்கவும் வேண்டாம்.

முன் பிரேக் பலமானதும் இதுவரை மறைந்திருந்த குறைகள் வெளிப்படும். ஹாண்டில் கழுத்தின் பெயாரிங் ஆடும். தளர்ந்த கம்பிகள் ஓசையிடும். பழைய டயர் வழுக்கும். இறுதியில் பாதையைப் பிடிப்பது டயரின் உள்ளங்கையளவு பரப்புத்தான். பூ தேய்ந்த, அல்லது வெயிலில் காய்ந்து வெடித்த டயரின் மேல் டிஸ்க் போடுவதைவிட, அந்தப் பணத்தில் முதலில் டயரை வாங்குவது புத்தி. வேலை முடிந்ததும் காப்புறுதிக் கம்பனிக்கு அறிவிப்பதும், பதிவு விபரத்தில் மாற்றம் வேண்டுமா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரிப்பதும் நல்லது. விபத்து நடந்தபின் இந்தக் கேள்வி எழுவது பெரும் தொல்லை.

புதிய லைனரோ புதிய பேடோ போட்ட அன்றே மாத்தளைக்கோ குருநாகலுக்கோ இறங்கிவிடாதீர்கள். அவை டிரம்மோடும் டிஸ்க்கோடும் பழக வேண்டும். சமமான பாதையில் 30, 40 கிலோமீற்றர் வேகத்தில் சென்று, நடுத்தரமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, சற்று ஆறவிட்டு, மீண்டும் பிடித்து, இருபது முப்பது முறை செய்யுங்கள். தனியாகச் செய்யுங்கள், பிள்ளையை ஏற்றிக்கொண்டு வேண்டாம். பிறகு இறங்கி, டிரம்மின் அருகே கையை வைத்துப் பாருங்கள், தொடவேண்டாம். பிரேக்கைப் பாவிக்காமல் ஓட்டியபின்னும் ஒரு சில்லு மட்டும் சுடுகிறதென்றால் அது உரசிக்கொண்டிருக்கிறது. லீவரில் சிறிது இடைவெளி விடவேண்டும். ஒரு கிழமை ஓடியபின் கேபிளை மறுபடியும் சரிசெய்து, அச்சு நட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.